மகேஷின் லென்ஸில் கோளாறு இல்லை

மகேஷ் போய்விட்டான். நேற்று சாயங்காலம், ஆவடியில், ஆஸ்பத்திரியில்.

எங்களிடம் கல்யாண ஆல்பம் எடுத்தவர்களுக்கு அவனைத் தெரியும். அவன் போட்டோ, நான் வீடியோ. பட்டாபிராமில் ஒரே கடை, பதினோரு வருஷம்... எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவனிடம் ஒரு பழைய 85 எம்எம் லென்ஸ் இருந்தது. ஃபிலிம் காலத்துச் சரக்கு. ஆட்டோ ஃபோகஸ் கிடையாது, வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும். அதை டிஜிட்டல் கேமராவில் மாட்டி மணப்பெண் முகத்தை எடுப்பதில் அவனுக்கு அப்படி ஒரு கர்வம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் திருவேற்காட்டில் ஒரு கல்யாணம். தாலி கட்டும் படம் சாஃப்ட், கூர்மையே இல்லை. பெண்ணின் கண்ணில் விழ வேண்டிய ஃபோகஸ் காதுக்குப் பின்னால் பூவில் விழுந்திருந்தது.

"இன்னாடா இது?" என்றேன்.

"தெர்ல மாமே. உள்ள பாக்க சொல்லோ கொஞ்சம் மங்கலா கீது. அவ்ளோதான்."

மங்கலாக இருக்கிறது. அவன் வாயாலேயே சொன்னான். நான் லென்ஸைப் பிடுங்கிப் பார்த்தேன்.

டார்ச் அடித்து உள்ளே ஃபங்கஸ் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. லென்ஸின் துவாரத்தை முழுசாகத் திறந்து எடுக்காதே, எஃப் நாலுக்குக் குறைத்து எடு, ஃபோகஸ் கொஞ்சம் தப்பினாலும் தெரியாது என்றேன். எடுத்தான்... அதுவும் சாஃப்ட்.

அப்புறம் அதை என் கேமராவில் மாட்டி, ஸ்டாண்டில் வைத்து, கடைச் சுவர்க் காலண்டரை எடுத்தேன். ராகு காலம் வரைக்கும் படிக்க முடிந்தது.

லென்ஸில் கோளாறு இல்லை என்றால் அவன் கண்ணையல்லவா பார்த்திருக்க வேண்டும்? மடையன் நான், அவன் கேமராவைச் சந்தேகப்பட்டேன்.

கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். பார்ப்பவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற மாதிரி அதைத் திருப்பி வைக்கலாம். திருப்பினேன். "ஆங்... இப்ப சூப்பரா கீது!" என்று முதுகில் தட்டினான்.

பத்தே நாள், மறுபடி மங்கல். மறுபடி திருப்பினேன். ஒரு நாள் தெளிவாகத் தெரியும், இன்னொரு நாள் தெரியாது.

"நீ இன்னா வாட்ச் கடையா வெச்சிக்கீற, தெனம் சாவி குடுத்துகினு" என்று அவனே சிரிப்பான். கடைசியில் சக்கரம் அதற்கு மேல் சுற்றவில்லை.

அந்த நாட்களில் மண்டபத்தில் தண்ணீர் கேன் பக்கத்திலேயேதான் நிற்பான். "கேனை களுத்துல மாட்டிகினு ஷூட் பண்ணுடா" என்று கலாய்த்தேன். இளைத்துப்போனதையும் பார்த்தேன். டயட்டா மச்சான் என்றேன். இப்படியும் ஒரு ஃபிரெண்ட்...

போன ஞாயிறு நெமிலிச்சேரி ஸ்டேஷன் படியில் மயங்கி விழுந்தான். சுகர் மீட்டரில் எண்ணே வரவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது. அவனுக்குச் சுகர் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. வயது நாற்பத்திரண்டு.

டாக்டர் அவன் மனைவி வாணியிடம் கேட்டார். "கண்ணு மங்குதுன்னு எப்பவாவது சொன்னாரா?"

"இல்ல சார், எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல."

பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாயைத் திறக்கவில்லை.

இன்று எல்லாம் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். வாணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா இட்டுகினு போயிருப்பேனே அண்ணா... கட்டினவகிட்டயே மறைச்சிட்டாரே, பாவி மனுஷன்!"

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

வாணி, இதை நீ படிப்பாய். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லையம்மா. அவனைத் திட்டாதே. அவன் மறைக்கவில்லை. மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டேதான் இருந்தான்... என்னிடம்.

போய்ட்டு வாடா மச்சான்.