மாலை மாட்டிய ஸ்குரூ

ரெட்டியார்பாளையத்தில் எனக்கு வேன் பாடி கட்டும் பட்டறை. கட்டில், அடுப்பெல்லாம் வைத்து நான் கட்டிய முதல் கேரவன், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு. எங்கள் ஊரில் அப்படிப்பட்டவரை 'முசியே' என்போம், அவர் மனைவியை 'மதாம்' என்போம். "ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வந்தா மீசையை எடுத்துடறேன்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தேன்.

மழைக்காலம் முடிந்ததும் வண்டி திரும்பி வந்தது. அவர் மனைவியும் கூட வந்தார். முழங்கால் ஆபரேஷன் ஆனவர். ஓட்டல் படி ஏற முடியாது என்றுதான் இந்த வண்டியே. பொங்கல் கழித்து ராமேசுவரம் போக ஆசையாக இருந்தார்.

"நாத்தம் தாங்கல. மதாமுக்கு இருமல் நிக்கல. வித்துடலாம்னு இருக்கேன்" என்றார் அவர்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஜன்னலைத் தொறந்து போட்டிருப்பீங்க முசியே. என் வேலையில ஓட்டை வராது!"

அந்த அம்மாள் கட்டிலுக்கு மேலிருந்த பலகையைக் காட்டினார். அழுத்தினேன். டீயில் நனைந்த ரஸ்க்கில் இறங்குவது போலக் கட்டைவிரல் இறங்கியது.

பிரித்துப் பார்த்தால் மரச்சட்டமெல்லாம் கறுத்து மக்கிக் கிடந்தது. ஈரக் கறை மேலே ஏறி, கூரையின் முன் விளிம்பில் ஒரு ஸ்குரூவில் போய் முடிந்தது. அடப்பாவி! சாவி கொடுத்த அன்று பூஜையில் மாலை மாட்ட நானே முடுக்கியது. எந்த வண்டி பட்டறையை விட்டுப் போனாலும் அது எங்கள் வழக்கம். மற்ற வேன்களில் வெறும் தகரம், ஒன்றும் ஆகாது. இதில் தகரத்துக்குப் பின்னால் மரம். சாமிக்குப் போட்டது ஓட்டை என்றே எனக்குத் தோன்றவில்லை.

"என் தப்புதான் மதாம். விக்காதீங்க" என்றேன். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

முன்பக்கம் முழுவதையும் வெட்டிப் போட்டுப் புதிதாகக் கட்டினேன். நாள் முழுக்கக் கூரைமேல் தண்ணீர் பீய்ச்சவிட்டு, உள்ளே வெள்ளை வேட்டி விரித்துப் படுத்திருந்தேன். வேட்டி நனையவில்லை. இதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை; யார் முன்னாலும் சொல்வேன்.

புறப்படும் நாள் அந்த அம்மாள் சாமந்தி மாலையோடு வந்தார். "எங்க மாட்டறது?"

"வைப்பர்ல மாட்டுங்க மதாம்."

என் மழித்த முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "மீசை எப்ப வளரும்?"

"அடுத்த மழை முடியட்டும்."

ராமேசுவரம் போய் வந்தார்கள். அடுத்த மழையும் கொட்டித் தீர்த்தது. என் மீசை இப்போது முன்னைவிட அடர்த்தி.