தீ என்று எழுதக் கூடாது

வனத்துறை அலுவலகத்தில் தபால் பிரிவு என்னுடையது. வருகிற கடிதத்துக்கும் போகிற கடிதத்துக்கும் எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. படிப்பது என் வேலை இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக ஒன்று விடாமல் படித்துவிட்டுத்தான் எண் போடுகிறேன், அதை யாரிடமும் மறைத்ததும் இல்லை. அதனால் மைக்கைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் இந்தக் கட்டடத்தில் கிடையாது.

மைக் என்பது நாங்கள் வைத்த பெயர். எங்கள் மக்கள் தொடர்புப் பிரிவில் கடைசி நாற்காலிக்கு உதவியாளராக வருவதற்கு முன், ஒன்பது வருஷம் பேருந்து நிலையத்து அறிவிப்புக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவள் அவள். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, யாருடைய பை எங்கே கிடக்கிறது, எல்லாம் அவள் குரலில்தான் ஊருக்குத் தெரியும். ஒருநாள் கம்ப்யூட்டரில் பதிந்த குரல் வந்தது, இவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதிந்து வைத்ததும் இவள் குரலைத்தானாம். அதை அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்களிடம் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது. அரசு வேலைக்கான வயது வரம்பு அந்த வருஷத்தோடு சரி. முதல் ஒரு வருஷம் தகுதிகாண் பருவம். பெயரில் ஒரு கீறல் விழாமல் அதைத் தாண்டினால் வேலை நிரந்தரம், தாண்டாவிட்டால் இனி எந்த அலுவலக வாசலிலும் போய் நிற்க முடியாது. கணவருக்கு அச்சகத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை இருந்தது. மகள் ஆறாம் வகுப்பு. இவள் சம்பளத்தில்தான் குடும்பம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மக்கள் தொடர்பு என்றால் ஏதோ பெரிய உத்தியோகம் என்று அவள் நாத்தனார் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தாள். பார்க்கிற வேலை என்னவென்றால், காலையில் ஆறு செய்தித்தாளை விரித்து, காடு என்று எங்கே அச்சாகியிருந்தாலும் வெட்டி ஒட்ட வேண்டும். அதிகாரிகள் மரம் நடும்போது படம் எடுக்க வேண்டும், படத்தில் மரமும் தெரிய வேண்டும். பள்ளிக்கூடங்களுக்குப் போய் விலங்குகளின் படம் காட்ட வேண்டும். நடுவில் தொலைபேசி. குளியலறையில் பாம்பு, மொட்டை மாடியில் குரங்கு, பக்கத்து வீட்டுக்காரன் மரத்தை வெட்டுகிறான். எவ்வளவு கோபமாகக் கத்துகிற ஆளும் இவள் இரண்டு வாக்கியம் பேசினால் அடங்கிவிடுவார். இந்த வித்தை எங்கள் அதிகாரிக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

அதிகாரி கெட்டவர் இல்லை. பயந்தவர். தலைமை அலுவலகத்துக்குப் பதவி உயர்வு வரும் வரும் என்று நான்கு வருஷமாகக் காத்திருந்தவர். அவர் கையில் ஒரு சிவப்புப் பேனா இருக்கும். எதை எழுதிக்கொண்டு போனாலும் அதை யாருக்கும் உறுத்தாத மாதிரி பூசி மெழுகித்தான் திருப்பிக் கொடுப்பார். நானும் அவரைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன்.

அவளுக்குப் பதினோரு மாதம் முடிந்திருந்தது. கோடை வருவதற்கு முன் காட்டில் கிடக்கிற காய்ந்த சருகையும் சுள்ளியையும் எங்கள் ஆட்களே ஒரு நாள் பார்த்து எரித்துவிடுவார்கள். பிறகு நெருப்புப் பிடித்தாலும் பரவ ஒன்றும் இருக்காது. அந்த முறை காட்டை ஒட்டிய மூன்று தெருக்களுக்குப் பின்னால், புதன்கிழமை எரிப்பதாக முடிவானது. தெருக்காரர்களுக்கு அறிவிப்பு எழுதும் வேலை மைக்கிடம் வந்தது. "புதன் காலை உங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள காட்டில் நாங்களே தீ வைக்கிறோம். புகை வரும்" என்று ஆரம்பித்து எட்டே வரியில் எழுதிக்கொண்டு போனாள்.

அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாராம். தீயை அணைக்கத்தான் வனத்துறை, வனத்துறையே தீ வைக்கிறது என்று வனத்துறையே எழுதுவதா என்றார். தீ என்கிற எழுத்தைச் சிவப்பில் அடித்தார். இருக்கிற இடமெல்லாம் அடித்தார். எங்கள் துறையில் எரியக்கூடிய சருகுக்கும் சுள்ளிக்கும் எரிபொருள் என்று பெயர். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை என் கையால் எண் போட்டு வெளியே போன அறிவிப்பின் தலைப்பு, "புதன்கிழமை முதற்கட்ட எரிபொருள் குறைப்பு நடவடிக்கை". மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கலாம், வண்டி வரும் என்பது பதினான்காவது வரியில் இருந்தது. நானும் படித்தேன், எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. எங்களுக்குள்ளேயே பேசிப் பேசி அந்தச் சொல் எங்களுக்குச் சருகாகவே ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை நான் அலுவலகத்துக்கு வருகிறேன், பெட்ரோல் பங்கில் ஆரம்பித்த வரிசை கடைவீதி தாண்டிப் பாலம் வரை நிற்கிறது. ஸ்கூட்டர், லாரி, கையில் கேனோடு ஆட்கள். என்ன விஷயம் என்று கேட்டால், நாளை முதல் எரிபொருளைக் குறைக்கிறார்களாம், அரசாங்கமே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது என்றார் ஒருவர். முதற்கட்டமாம், இன்னும் எத்தனை கட்டமோ என்றார் இன்னொருவர். ஓட்டமும் நடையுமாக அலுவலகத்துக்கு வந்தேன்.

அதிகாரி தலைமை அலுவலகத்தில் கூட்டத்துக்குப் போயிருந்தார், தொலைபேசியை எடுக்கவில்லை. எரிப்புக்குப் பொறுப்பான ரேஞ்சர் அதைத் தள்ளிப் போட மாட்டேன் என்று அடித்துச் சொல்லிவிட்டார். காற்று சரியான திசையில் அடிக்கப்போவது நாளை ஒரு நாள்தானாம், விட்டால் இந்த வருஷம் இல்லை. மைக் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். மூன்று தெருவிலும் புகை வரப்போவது ஒருத்தருக்கும் தெரியாது என்றாள். புது அறிவிப்பென்றால் நான்கு கையெழுத்து வேண்டும், அதற்குள் வியாழக்கிழமை வந்துவிடும்.

நான்தான் அவளைத் தடுத்தேன். இன்னும் ஒரு மாதம்தான், வாயை மூடிக்கொண்டு இருந்தால் பிழைத்தாய், தப்பு உன்னுடையது இல்லை என்று சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு அக்கா," என்றாள். "ஆனா நாளைக்குக் காலையில அங்க யாருக்காவது மூச்சு முட்டினா, நான் எழுதலைன்னு யாருகிட்ட போய்ச் சொல்றது?"

ஜீப்பில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு டிரைவர் அண்ணனோடு கிளம்பிவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பதிவேட்டை மூடிவிட்டுப் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். முதல் தெரு முனையில் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள். குரல் நடுங்கவில்லை.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு, உங்க தெருவுக்குப் பின்னாடி இருக்கிற காட்டுல நாங்களே தீ வைக்கப் போறோம். பயப்படாதீங்க. காய்ஞ்ச சருகை இப்பவே எரிச்சுட்டா, கோடையில காடு பத்திக்காது. தீயைப் பார்த்துக்க அறுபது பேர் நிப்பாங்க. புகை வரும், ஜன்னலைச் சாத்திக்குங்க, துணி காயப் போடாதீங்க. மூச்சுத் தொந்தரவு இருக்கிறவங்க ஏழு மணிக்கு முனைக்கு வந்துடுங்க, வண்டி நிக்கும். பெட்ரோல் எப்பவும் போலக் கிடைக்கும். எங்க நோட்டீஸ்தான் தப்பு."

ஜன்னல்கள் திறந்தன. ஒரு தச்சர் உளியோடு ஓடிவந்து, அவர் மரப்பட்டறை வேலியிலிருந்து எத்தனை அடி தள்ளி எரிப்பீர்கள் என்று கேட்டார். மூன்று தெருவையும் நான்கு தடவை சுற்றினோம். புதன்கிழமை ஏழு மணிக்கு இருபத்தாறு பேர் வண்டி ஏறினார்கள், அதில் இரண்டு பேருக்கு ஆக்சிஜன் உருளையையும் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. மத்தியானத்துக்குள் எரிப்பு முடிந்தது. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து மெமோ வந்தது. இரண்டு கேள்வி. குழப்பத்துக்குக் காரணமான வாசகம் எவரால் தேர்வு செய்யப்பட்டது? அனுமதியின்றி ஒலிபெருக்கியில் தீ வைப்பதாக அறிவிப்பு எவரால் செய்யப்பட்டது? கோப்பில் இருந்த அறிவிப்பு வரைவில் அவள் சுருக்கொப்பம்தான் இருந்தது. சிவப்பு மை பட்ட தாளை யாரும் கோப்பில் வைப்பதில்லை. அவள் மறுநாளே விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டாள்: ஒலிபெருக்கியில் பேசியது உண்மை, பேசாமல் இருக்க முடியவில்லை. முதல் கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதிகாரியைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லையாம். அந்த மனுஷன் உன் தலையில் கட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார் என்று நான் திட்டித் தீர்த்தேன். இனிமேல் மகளிடம் என்ன சொல்வது என்று மட்டும் கேட்டுவிட்டு அழுதாள்.

அதிகாரியின் பதில் இரண்டு நாள் கழித்து என் மேஜைக்கு வந்தது. மற்ற தபாலைத் தள்ளி வைத்துவிட்டு அதை முதலில் பிரித்தேன். ஒரே பத்தி. "உதவியாளர் சரியாகத்தான் எழுதினார். தீ என்ற சொல்லை அடித்தது நான்."

எங்கள் கோப்புகளில் யாரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் செய்யப்படும், கருதப்படும், தவறு நேர்ந்திருந்தால் வருத்தம் தெரிவிக்கப்படும். நான் என்று கையெழுத்துக்கு மேலே எழுதிய ஒரு ஆளை இருபத்திரண்டு வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன். அவரைப் பற்றி நான் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எண் போட்டு அனுப்பினேன்.

மாதக் கடைசியில் ஒரே தபாலில் இரண்டு உத்தரவு வந்தது. ஒன்று அவளுடையது, எச்சரிக்கையோடு வேலை நிரந்தரம். மற்றது அவருடையது, பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிருந்தது. அவருடைய உறையை நானே கொண்டுபோகிறேன் என்றேன். அவள் விடவில்லை, வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் கதவருகில் நின்றேன். அவர் நிதானமாகப் படித்து, மடித்து, மேஜை இழுப்பறையில் வைத்தார்.

"உங்க ஆர்டர் வந்துச்சா மா?" என்று கேட்டார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.