பதிமூன்றாவது உறுப்பினர்

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவரை எல்லோரும் ஊசி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வார்டுகளிலிருந்து மூட்டையாக வரும் அழுக்கு விரிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து உதறி, மடிப்புக்குள் ஊசியோ கத்தரியோ கிடக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இயந்திரத்தில் போட வேண்டும். பதினேழு வருடமாக அந்த உதறல் வேலை அவருடையது. மற்றவர்கள் கண்ணால் தேடுவதை அவர் காதால் தேடுவார். உதறும்போது துணியின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் கை அப்படியே நின்றுவிடும். அப்படியும் இரண்டு முறை குத்து வாங்கியிருக்கிறார்.

நான் குடியிருக்கும் மூன்றாம் மாடியில் எதிர் அறை அவருடையது. அவரும் அவர் கணவரும் மட்டும். கணவரை நான் மாமா என்பேன். தகரம் வெட்டும் பட்டறையில் இயந்திரம் இறங்கி, வலது கால் முழங்காலுக்கு மேலேயே துண்டாகிப் போய்விட்டது. அதற்காக அரசு மாதாமாதம் ஓர் உதவித்தொகை தருகிறது. தருவது நின்றுவிடாமல் இருக்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரை நிவாரண அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வேலை நாளில், காலை பத்து மணிக்கு. மாடிப்படி குறுகல். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டும். வரிசையில் நான்கு மணி நேரம். கடைசியில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கால்சட்டையைச் சுருட்டச் சொல்வார். எட்டிப் பார்ப்பார். முத்திரை குத்துவார்.

"முளைச்சிருக்கான்னு பாக்கறாங்க தம்பி" என்பார் மாமா. "நானும் தினமும் தண்ணி ஊத்தித்தான் பாக்கறேன், ஒண்ணும் கிளம்பக் காணோம்."

போன வருடம் அந்த அலைச்சலுக்காக எடுத்த விடுப்புகளைக் காட்டி, அக்காவுக்கு வரவேண்டிய மேற்பார்வையாளர் வேலையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கி, வறுமை ஒழிப்புத் துறையில் தற்காலிகத் தட்டச்சராகச் சேர்ந்திருக்கிறேன். எங்கள் துறைக்கு ஓர் ஆலோசனைக் குழு அமைக்கப் போவதாக அறிவிப்பு வந்தபோது அதைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். உறுப்பினர்கள் பதிமூன்று பேர். பன்னிரண்டு பேருக்கு முனைவர் பட்டம், பதவி அனுபவம், நூல்கள் என்று தகுதிகள் நீண்டன. பதிமூன்றாவது இடத்துக்கு ஒரே வரி: வறுமையை நேரில் அனுபவித்தவர்.

அறிவிப்போடு நேரே எதிர் அறைக்குப் போனேன்.

"அந்தக் கூட்டத்துல உக்காந்தா, மூணு மாசம்கறதை எடுத்துட்டு ஒரே ஒரு தடவை காட்டினாப் போதும்னு மாத்தச் சொல்லலாமா?" என்று கேட்டார் அக்கா.

"தாராளமா சொல்லலாம்கா. அதுக்குத்தானே குழு."

"அப்ப எழுதுப்பா. எனக்கு வேற எதுவும் வேண்டாம். அந்த ஒண்ணைச் சொல்லிட்டு எந்திரிச்சு வந்துடறேன்."

விண்ணப்பத்தோடு ஏழு தாள்கள் இணைக்க வேண்டியிருந்தது. ஏழைதான் என்று ஓர் அதிகாரி, நல்லவர்தான் என்று இரண்டு அதிகாரிகள். வறுமை அனுபவத்தின் கால அளவு என்று ஒரு கட்டம்: தொடங்கிய நாள், முடிந்த நாள்.

"தொடங்கினது பொறந்த நாளே போட்டுக்கோ" என்றார் அக்கா. "முடிஞ்ச நாளுக்கு நான் எங்க போவேன்?"

அந்த இடத்தைக் காலியாக விட்டோம்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. "வேலைக்குப் போற துணியிலயே போயிடவா?" என்று கேட்டார். நான்தான் கூடாது என்றேன். நாலு பேர் மதிக்கிற மாதிரி போக வேண்டும் என்றேன். படித்தவன் சொல்கிறேன் என்று அதையும் சேர்த்துச் சொன்னேன்.

சலவைப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. விரிப்புகளைச் சூடாக அழுத்தித் தேய்க்கும் பெரிய உருளை இயந்திரத்தை நிறுத்துவதற்கு முன், மிச்சமிருக்கும் சூட்டில் அங்குள்ள பெண்கள் தங்கள் சேலைகளை ஓட்டி எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் அந்த ஆஸ்பத்திரியின் டாக்டர்களைவிட துணி துவைக்கிறவர்கள் மடிப்புக் கலையாமல் வீட்டுக்குப் போவார்கள். அக்காவின் எட்டு வருடத்துப் பழைய சேலையை அன்று இரண்டு முறை ஓட்டினார்களாம். "அடியே, பெரிய மனுஷங்க முன்னால நிக்கப் போறா, ஓரம் சுருங்காம பிடிங்கடி" என்று ஒருத்தி. "உள்ள போனதும் நம்மளை மறந்துறாத, எனக்கு ஒரு மின்விசிறி கேட்டு வாங்கு" என்று இன்னொருத்தி.

நேர்காணல் அறையில், குறிப்பெடுக்க மூலையில் உட்கார்ந்திருந்தேன். தேர்வு செய்ய மூன்று பேர்: ஓய்வுபெற்ற பேராசிரியர், எங்கள் துறையின் உயரதிகாரி, தொண்டு நிறுவனம் நடத்தும் அம்மையார். அக்கா உட்கார்ந்ததும் அம்மையாரின் பார்வை சேலையில்தான் நின்றது.

"இதை எங்கம்மா தேய்க்கக் குடுத்தீங்க?"

"வேலை செய்யற இடத்துல மெஷின் இருக்குதுங்க."

அதிகாரி ஏதோ எழுதினார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உங்க வாழ்க்கையில மறக்க முடியாத ஒரு நாளைச் சொல்லுங்க. மனசைத் தொடற மாதிரி" என்றார்.

அக்கா நிவாரண அலுவலகத்தைப் பற்றிச் சொன்னார். படிக்கட்டு, நாற்காலி, வரிசை, கால்சட்டை. குரல் உயரவில்லை. ஒரே ஒரு தடவை பார்த்தால் போதாதா என்று முடித்தார்.

"அது நடைமுறைம்மா" என்றார் அதிகாரி. "இந்தக் குழு கொள்கை பேசற இடம்."

"எங்க வீட்டுக்காரரை நாற்காலியோட தூக்கிட்டு இறங்கறது கொள்கைங்களா, நடைமுறைங்களா?"

அம்மையார் சிரித்தார். "நல்லா பேசறீங்க. இவ்வளவு நல்லா பேசறவங்க எப்படி..." என்று ஆரம்பித்து, தேநீர் வந்ததால் நிறுத்திக்கொண்டார். தேநீர் மூன்று கோப்பை. அக்காவுக்கு இல்லை.

மதிப்பெண்களைக் கூட்டியது நான். தோற்றம் என்ற வரிசையில் பத்துக்கு ஒன்று போட்டிருந்தார்கள். பக்கத்தில் குறிப்பு: வறுமையைப் பிரதிபலிக்கவில்லை. கசங்காத துணி கட்டினால் ஏழை இல்லை. அழாமல் பேசினால் ஏழை இல்லை. இவர்களுடைய ஏழை எப்படி இருக்க வேண்டும் என்று இவர்களுக்கு அத்தனை துல்லியமாகத் தெரிந்திருந்தது. எச்சில் இலையைத் தொட்டதுபோல அந்தத் தாளை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு போய்க் கோப்பில் வைத்தேன்.

தேர்வானவர் ஓர் ஆய்வாளர். ஆய்வுக்காக ஒரு குடிசைப் பகுதியில் எட்டு மாதம் வாடகைக்கு இருந்தாராம். தொடங்கிய நாளும் முடிந்த நாளும் பல்கலைக்கழக முத்திரையோடு இருந்தன. அக்காவின் விண்ணப்பத்தில், காலியாக விட்ட கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள்.

"போகட்டும் விடுப்பா" என்றார் அக்கா. "அந்தத் தம்பியாவது எட்டு மாசம் பாத்திருக்கு. அது சொல்லாமயா போகும்?"

அது சொல்லியது. முதல் கூட்டம் முடிந்த மறுநாள் நடவடிக்கைக் குறிப்பு என் மேசைக்கு வந்தது. இரண்டாவது தீர்மானம் பதிமூன்றாவது உறுப்பினர் முன்மொழிந்தது: உதவித்தொகை தகுதியற்றவர்களுக்குப் போய்ச் சேர்வதைத் தம் கள அனுபவத்தில் கண்டிருப்பதாகவும், ஆகவே நேரில் காட்டும் முறையை மாதம் ஒருமுறையாக ஆக்கலாம் என்றும். ஒருமனதாக ஏற்கப்பட்டது. அடுத்த வாரமே, வரும் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு என்று ஆணையாகவும் வந்தது. மதிய உணவுக்கு முன் அடித்து முடிக்கச் சொன்னார்கள். முடித்தேன்.

சாயங்காலம் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போனேன். மூட்டைச் சீட்டுகளைப் படித்துப் பழகியவர் அக்கா. என்னிடம் கேட்காமல், விரலை வைத்து எழுத்துக் கூட்டி அவரே படித்தார்.

"மாசாமாசமா?"

"ஆமாக்கா."

"பதிமூணு பேரும் சரின்னுட்டாங்களா? ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்லலையா?"

"சொல்லலைக்கா."

மாமா கட்டிலிலிருந்து, "என்னை அந்த ஆபீஸ் வாசல்லயே இறக்கிவிட்டுரு. மேல கீழ தூக்கற வேலையாவது மிச்சம்" என்றார். அக்கா சிரிக்கவில்லை. விரல் தாளில் இறங்கிக்கொண்டே போனது. அதிகாரியின் கையெழுத்தைத் தாண்டியது. பிரதிகள் யார் யாருக்கு என்ற பட்டியலைத் தாண்டியது. அடியில், இடது ஓரத்தில், தட்டச்சு செய்தவரின் பெயரைச் சுருக்கி இரண்டு சின்ன எழுத்துகள் போடுவோம். அங்கே நின்றது.

"இது நீதானே?"

"வேலைக்கா" என்றேன். "சொன்னதை அடிக்கணும்."

"நான் ஒண்ணும் கேக்கலையே" என்றார் அக்கா.

தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, முதல் தேதி என்ன கிழமை என்று மாமாவிடம் கேட்டார்.