கூட்ஸ் வண்டி வந்தால் மேஜைக்கு அடியில்

எங்கள் வீடு பொன்மலையில், தண்டவாளத்தை ஒட்டி. கூட்ஸ் வண்டி போனால் அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம், எங்கள் காதில் ஏறவே ஏறாது. எண்பதுகளின் தொடக்கத்தில் தலைப்பிரசவத்துக்கு வந்த தங்கைக்குத்தான் அது எமனாகிவிட்டது. வண்டி வந்தால் போதும், கைக்குழந்தையை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள்.

அவள் கணவருக்கு அந்தமானில் அரசு வேலை. அவள் அங்கே கர்ப்பமாக இருந்தபோது நிலம் ஆடியிருக்கிறது. ஊரில் பெரிய சேதமில்லை. ஆனால் அம்மா சீராகக் கொடுத்த பித்தளை அண்டா பரணிலிருந்து நேராக அவள் தலையணையில் விழுந்திருக்கிறது. நல்லவேளை, அப்போதுதான் எழுந்து அடுக்களைக்குப் போயிருந்தாள். குழந்தைக்கு ஐந்தாம் மாதம் வந்து, அழைத்துப்போக வரட்டுமா என்று கணவர் கடிதத்தில் கேட்டபோது, "நான் போகமாட்டேன். வேணும்னா அவர் வேலையை விட்டுட்டு இங்க வரட்டும்" என்று சொல்லிவிட்டாள். அம்மா மாதா படத்தின் முன்னால் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு அண்டா போய் ஒரு குடும்பத்தைப் பிரிப்பதா?

நான் நிலவியல் படித்துவிட்டுப் பள்ளியில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். பழைய காலண்டர் அட்டை இரண்டை எடுத்து, ஒன்றை மற்றதன் அடியில் தள்ளித் தங்கைக்குக் காட்டினேன். மேல் அட்டையின் விளிம்பு சிக்கிக்கொண்டு வளைந்தது. இன்னும் தள்ள, பட்டென்று நழுவி நிமிர்ந்தது.

"நம்ம நாடு உக்காந்திருக்கிற பாறைத்தட்டு, அந்தமான் பக்கம் கடலுக்கு அடியில இப்படித்தான் இன்னொரு தட்டுக்குக் கீழ போயிட்டிருக்கு. சிக்கிக்கிட்டு வளையும். நழுவுறப்ப ஆடும்."

"எப்ப நழுவும்?"

"அது யாருக்கும் தெரியாது."

"அப்புறம் என்னத்துக்குக்கா படிச்ச?"

"எப்பன்னுதான் தெரியாது. எங்கன்னு தெரியும்ல? ஆடுற ஊர்ல தலைக்கு மேல அண்டாவை வெச்சது யாரு?"

அம்மாவும் தங்கையும் என்னை முறைத்தார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மறுநாளிலிருந்து கூட்ஸ் வண்டிதான் எங்கள் பூகம்பம். சத்தம் கேட்டதும் வெளியே ஓடக்கூடாது, ஓடுகிறவர் தலையில்தான் கூரை ஓடும் சுவர்க் காரையும் விழும். குழந்தையை அணைத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் புகுந்து, தலையை மறைத்து, கடைசிப் பெட்டி போகும்வரை மேஜைக் காலைப் பிடித்திருக்க வேண்டும். ஆட்டம் நின்றதும் அங்கே கடல் பொங்கி வரலாம், அதை வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். எங்கள் தெருவில் மேடு ஏது? மொட்டைமாடிப் படியில் ஏறினோம்.

அம்மா முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, பேரனைத் தனியாக விடுவானேன் என்று அவளும் நுழைந்தாள், ஒருநாள் பால் பாத்திரத்தோடு.

"அடுப்பை அணைச்சிட்டு வான்னா, பாலைத் தூக்கிட்டு வரியே?"

"பொங்கி வழிஞ்சா நீயா தொடைப்ப?"

தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தமானிலிருந்து வந்தபின் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு மாலை, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் வண்டிச் சத்தம் கேட்டதும் கொடுத்தபடியே மேஜைக்கு அடியில் நகர்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் கலவரமே இல்லை. வண்டி போனதும், "அவரை வரச்சொல்லுக்கா. ஆனா இந்தத் தடவை பித்தளை ஒண்ணும் வேணாம்" என்றாள்.

அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. வெறுங்கையோடு பெண்ணை அனுப்புவதா? இரண்டு நாள் யோசித்தாள். வந்திறங்கிய மாப்பிள்ளையிடம், "அங்க மரத்துக்குப் பஞ்சமில்லையாமே. எங்க சீரா நல்ல மேஜை ஒண்ணு செஞ்சுக்குங்க. காலு கெட்டியா இருக்கணும், பாத்துக்குங்க" என்றாள்.

அவர்கள் கப்பலேற மெட்ராஸுக்குப் போன மறுநாள், பள்ளி விட்டு வீட்டுக்குள் நுழைந்தேன். கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. அம்மா மேஜைக்கு அடியில், முந்தானையைத் தலைக்கு மேல் பிடித்தபடி தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் எதுக்கும்மா?"

"அவ அங்க இப்படித்தான உக்காருவா" என்று சொல்லி, சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

நான் பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.