துளசி ஊதிய குவளைகள்

காலையில், ஊதிய கண்ணாடியை ஆறவைக்கும் சூளையைத் துளசி திறந்தாள். முந்தின நாள் அவள் ஊதி வைத்த குவளைகளில் பாதிக்கு மேல் விரிசல். ஒன்று, கையில் எடுக்கும்போதே இரண்டாகப் பிளந்து விழுந்தது. நான் அப்படி என்னதான் தப்புச் செய்கிறேன் என்று கேட்கத் தோன்றியது. யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

அவள் வேலை செய்யும் கண்ணாடிப் பட்டறை ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் பின்கட்டில் இருக்கிறது. ஐமான் என்ற மலாய்க்கார இளைஞன் நடத்துகிறான். புதுக் கண்ணாடி என்று அங்கே எதுவும் வாங்குவதில்லை. சாப்பாட்டுக் கடைகள் வீசியெறியும் போத்தல்கள்தான் சரக்கு. உலை எரிவதுகூட நாசி கண்டார் சோற்றுக் கடைகளில் கோழி பொரித்து மிஞ்சிய எண்ணெயில்தான். மூட்டினால் தெருவுக்கே பசிக்கும். போத்தலைக் கழுவி, ஒட்டிய காகிதத்தைச் சுரண்டி, நிறம் பிரித்து, நொறுக்கி, உலைக்குள் நிறத்துக்கொரு தொட்டியில் உருக்க வேண்டும். உருகியதை நீள இரும்புக் குழலின் நுனியில் பாகு போலச் சுருட்டி எடுத்து, மறுமுனையில் வாய் வைத்து ஊத வேண்டும். ஊதியதைச் சூளைக்குள் வைத்தால் மெல்ல மெல்ல ஆறும்; சட்டென்று ஆறினால் விரிசல் விடும். உடைந்தது எதுவும் குப்பைக்குப் போகாது, திரும்பவும் உலைக்கே போகும். ஐமானுக்கு அதில் அப்படியொரு பெருமை.

துளசி அங்கே போத்தல் கழுவத்தான் சேர்ந்தாள். பிறை என்ற ஊரில் அவள் வேலை பார்த்த தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்தவள். ஐம்பதை நெருங்கும் வயதில் குழலைப் பிடித்துப் பழகி, ஓர் உணவகத்துக்குப் பழுப்புக் குவளைகள் ஊதித் தரும் அளவுக்கு வந்துவிட்டாள். அந்தக் குழல் தன் கைக்கு வந்ததில் அவளுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. இப்போது அதற்குத்தான் ஆபத்து.

“அக்கா, இனியும் இப்படியே உடைஞ்சா பழுப்பையும் ஷஹீராகிட்டதான் கொடுக்கணும். நீங்க கொஞ்ச நாள் போத்தலைப் பாருங்க. கோபமெல்லாம் இல்ல” என்றான் ஐமான் மலாயில், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஷஹீரா பக்கத்துத் தொட்டியிலிருந்து பச்சைக் கண்ணாடி எடுத்து ஊதுகிறாள். அதே சூளையில்தான் வைக்கிறாள். அவளுடையது ஒன்றுகூட உடைவதில்லை. அதுதான் துளசியைப் போட்டுக் குழப்பியது. சூளையில் கோளாறு என்றால் இருவருக்கும்தானே உடைய வேண்டும்? அப்படியானால் தன் மூச்சா? கையா? யார் கண்ணாவது பட்டுவிட்டதா? ஐஸ் போட்டுக் குடிப்பதை நிறுத்தினாள். மெதுவாக ஊதிப் பார்த்தாள், வேகமாகவும் ஊதிப் பார்த்தாள். தண்ணீர்மலை ஏறி முருகனுக்குத் தேங்காய் உடைத்தாள். மறுநாள் குவளைகளும் உடைந்தன. வேண்டுதலை முருகன் தப்பாகப் புரிந்துகொண்டான் போலும். உடைந்ததை மறுபடி உருக்கி ஊதினால் முன்னைவிட அதிகமாக உடைந்து தொலைத்தது.

அன்று மத்தியானம் விரிசல் விட்ட குவளை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரிசல் ஒரு பொடிக்கல்லிலிருந்து கிளம்பியிருந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் கல். குருணைக்கும் சின்னதாக, பழுப்பாக, உருகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. இவ்வளவு கழுவியும் கல் எங்கிருந்து வரும்?

அதே யோசனையோடு ஆயர் ஈத்தாம் பஸ் ஏறி வீடு வந்தாள். பிளாட்டின் கீழே, மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் கணவர் பக்கிரிசாமி சாக்கை விரித்துச் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தார். போத்தல் கழுவுகிற வேலையா என்று முதலில் கேலி செய்த மனுஷன்தான். மணிக்கட்டு வலிக்கிறது என்று அவள் ஒருநாள் சொன்னதிலிருந்து, பழுப்புக் கண்ணாடியை நொறுக்கித் தரும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். போதாததற்குப் பிளாட்டில் வீடு வீடாகப் பழைய கண்ணாடியும் கேட்டு வாங்கினார். அவர் கட்டித் தரும் மூட்டையை அவள் பிரித்துப் பார்த்ததில்லை. நேராக உலையில் கொட்டிவிடுவாள்.

சாக்கின் மேல் ஒரு பழுப்புக் கைப்பிடி கிடந்தது. போத்தலுக்கு ஏது கைப்பிடி?

“என்னங்க, என்னா ஒடைக்கிறீங்க?”

“கண்ணாடிச் சட்டி. நம்ம சட்டிதான்.”

ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு ஷோகேஸில் இருந்த சட்டி அது. நேராக அடுப்பில் ஏற்றலாம். அவள் கல்யாணத்துக்குத் தொழிற்சாலைத் தோழிகள் சேர்ந்து வாங்கித் தந்தது.

“இத ஏங்க ஒடச்சீங்க?”

“பிளாட்டுல ஆளாளுக்குக் குடுத்த பழைய சட்டியத்தான் இத்தன நாளா போத்தலோட சேத்து நொறுக்குனேன். கண்டவங்க வீட்டு ஓட்ட ஒடசல்லா, அதான் ஒனக்கு வெடிக்குதோன்னு பட்டுச்சு. நம்ம வீட்டு நல்ல சாமானப் போட்டா சரியா வரும்லா.”

துளசி அப்படியே அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று விளங்கவில்லை.

“தீயில வச்சா ஒண்ணும் ஆகாதுன்னுதானே இத வாங்குனாங்க? அது எப்படிங்க போத்தலோட சேந்து உருகும்?”

“கண்ணாடிதானே?”

“பேருதாங்க கண்ணாடி. சரக்கு வேற. அதுதான் உருகாம குவளையில கல்லா நிக்குது.”

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். உடைந்ததெல்லாம் உலைக்கே திரும்பியதால் அந்தப் பொடியும் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. இனி பழுப்புத் தொட்டியையே காலி செய்ய வேண்டும். எதையும் வீசாத பட்டறையில் அத்தனையும் குப்பை. ஐமானிடம் சொன்னால் இந்த மனுஷனுக்குத் தலைகுனிவு. சொல்லாவிட்டால் குழல் போய்விடும். ஆசையாகச் செய்தவரைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

“நான்தான் பாக்காம கலந்துட்டேன்னு ஐமான்கிட்ட சொல்லிக்கிறேன்” என்றாள்.

பக்கிரிசாமி லாரி ஓட்டிய காலத்தில் சுவரில் மோதிவிட்டு, சுவர் மீது குற்றம் சொன்னவர். இப்போது அவள் கையிலிருந்த போனை வாங்கி ஐமானை அழைத்தார். “நான் துளசி வீட்டுக்காரன்” என்று மலாயில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். “தப்பு என்னோடது. அவ மூச்சுலயும் கையிலயும் ஒரு குறையும் இல்ல.” பிறகு போனை நீட்டினார். “ஒன்கிட்டப் பேசணுமாம்.”

“அக்கா, நாளைக்குத் தொட்டியக் காலி பண்ணுவோம். புதுசா உருக்கினதும் நீங்கதான் ஊதணும்” என்றான் ஐமான்.

அவள் போனை வைத்தபோது பக்கிரிசாமி சாக்கில் கிடந்த சில்லுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நம்ம சட்டிய நான் சும்மாவா ஒடச்சேன்?”

“சும்மா இல்லங்க” என்றாள் துளசி. “இத நீங்க ஒடைக்கலன்னா, கோளாறு எங்கிட்டதான்னு கடைசி வரைக்கும் நெனச்சிருப்பேன்.”