அவள் வாசலில் நான் செருகிய கொத்து

ரங்கூனுக்குப் படிக்க வந்த மறுநாள் காலை. வீட்டுக்காரப் பர்மிய அம்மாள் என் அறைக் கதவில் ஒரு கொத்துத் தளிரைச் செருகிக்கொண்டிருந்தார். கன்னமெல்லாம் மரப்பட்டையை அரைத்த வெளிர்மஞ்சள் பூச்சு. சந்தனம் போன்ற அந்த வாசனை பட்டதும் எனக்கு ஊர் நினைவு வந்தது.

எங்கள் சின்னமனூரில், ஏழு வயதில், இதே பூச்சுப் பூசிய ஒரு முகத்தைப் பார்த்திருக்கிறேன். எதிர்வீட்டு வியாபாரி ரங்கூனிலிருந்து ஒரு பெண்ணைக் கட்டிக் கூட்டிவந்தார். வந்த மறுநாளே ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலையேறிவிட்டார். அவள் முகப்பூச்சைக் கண்டு அம்மை என்றே நினைத்தேன். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை இருக்க வேண்டுமே! நானே ஒடித்துவந்து செருகினேன். அவள் முகமெல்லாம் சிரிப்பாக என் கையில் கருப்பட்டித் துண்டு ஒன்றை வைத்தாள்.

“ஏலே, அங்கன போகாத! அந்த வீட்டுல அம்மை போட்டிருக்காம்,” என்றாள் என் அம்மா, அன்று சாயங்காலமே. அதன்பின் தெருவில் ஒருவரும் அவள் படியேறவில்லை. வேப்பிலையைச் செருகியது நான்தான் என்று நானும் சொல்லவில்லை.

“இது எதற்கு?” என்று தளிரைக் காட்டிக் கேட்டேன்.

“புதிதாக வந்தவர்களை வரவேற்க,” என்றார் அம்மாள், அரைகுறை ஆங்கிலத்தில்.

கதவிலிருந்த கொத்தைத் தொட்டுப் பார்த்தேன். சின்னமனூரில் அந்த வாசல் வேப்பிலை வாடும்போதெல்லாம், அவளேதான் புதுக்கொத்து ஒடித்துவந்து செருகிக்கொண்டிருந்தாள்.