புயல் சொல்லுற தம்பி

ஜேர்மனியில, ஹம் நகரத்தில எனக்குக் கீழ்வீட்டில ஒரு தம்பி இருந்தவர். தலை முழுக்க நரை, கதவு நிலையில நெத்தி இடிக்கிற உயரம், தனிக்கட்டை. இலை கொட்டத் தொடங்கினால் அவற்ற போன் காலநிலை எச்சரிக்கை வந்து புயல் புயல் எண்டு கத்தும். உடன ஒவ்வொரு கதவாத் தட்டுவார்.

"அக்கா, பெரிய காத்து வருதாம். பல்கனியில ஒண்டும் வையாதேங்கோ."

என்ர கறிவேப்பிலைச் சட்டியைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கி உள்ளுக்கு வைச்சு, ஒரு பிளேன்ரீயும் குடிச்சிட்டுத்தான் போவார். காத்தெண்டால், என்ர சீலைத் தலைப்பும் ஆடாது.

"தம்பி, உம்மட புயல் ஸ்டேசனில கோச்சியைத் தவறவிட்டிட்டுதோ?" எண்டு கேப்பன். சிரிப்பார்.

ஒருக்கா கட்டிடத்துச் சனம் எல்லாம் சேர்ந்து நக்கலடிச்சுப்போட்டுது. பிறகு போன் கத்தினாலும் மனிசன் வெளியில வாறேல்லை. எனக்கு மனம் கேக்கேல்லை. கதவு தட்டாட்டி அந்தாளுக்குக் கதைக்க வேற ஆர் இருக்கினம்?

நல்ல வெய்யில் எறிச்ச ஒரு நாள் நானே கீழ போய்த் தட்டினன்.

"தம்பி, பெரிய காத்து வருதாம். சட்டியைத் தூக்க எனக்கு ஏலாது."

யன்னலால வானத்தைப் பாத்தார். ஒரு முகில் இல்லை. பிறகு என்னைப் பாத்தார்.

"ஓம் அக்கா. இண்டைக்குக் கொஞ்சம் கடுமைதான்" எண்டு சொல்லிச் செருப்பைக் கொழுவினார்.

மேல வந்து ரெண்டு பிளேன்ரீ குடிச்சார். முகத்தில சிரிப்பின்ர அசுமாத்தமே இல்லை. ஆர் ஆரை ஏமாத்திப் பேய்க்காட்டினது எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை.